வேஸ்டேஜ்: சேதாரமா, விரயமா, கழிவா?

கோலாலம்பூரில் எந்தக் கட்டுமான சைட்டுக்குப் போனாலும், பொருள் கணக்கு எழுதும் மேசையில் ஒரு வாக்கியம் காதில் விழும். "வேஸ்டேஜ் பத்துப் பெர்சென்ட் சேர்த்துப் போடு." டைலுக்குப் பத்து, செங்கல்லுக்கு ஐந்து என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு. நானும் எட்டு வருடம் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். மழையில் நனைந்து கல்லாகிப்போன சிமெண்ட் மூட்டை அந்தத் தலைப்பில்தான் போகும், பிளான் மாறியதால் கட்டிய மறுவாரமே இடித்த சுவரும் அதில்தான் போகும், மாதக் கடைசியில் குப்பை லோரி எத்தனை நடை அடித்தது என்பதும் அதே பக்கத்தில்தான். எல்லாம் வேஸ்டேஜ். தமிழில் எழுது என்று யாராவது சொன்னால் "கழிவு" என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம்.

அந்த மொழிபெயர்ப்பு தவறு என்பதுதான் என் கருத்து. அதுவும் சும்மா அகராதித் தவறு இல்லை, பணம் கரையும் தவறு. வேஸ்டேஜ் என்ற ஒரே சொல்லுக்குள் வேறு வேறான மூன்று விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன, மூன்றுக்கும் தமிழில் தனித்தனிச் சொல் ஏற்கெனவே இருக்கிறது.

முதலில் ஆங்கிலச் சொல்லையே பார்ப்போம். 'வேஸ்ட்' என்பது லத்தீன் மொழியின் 'வாஸ்டுஸ்' என்ற சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. வாஸ்டுஸ் என்றால் வெறுமையான, பாழ்பட்ட என்று பொருள். பரந்து விரிந்தது என்ற பொருளில் வரும் 'வாஸ்ட்' கூட அதே வேர்தான், ஆளில்லாத பாழ்நிலம் பரந்துதானே கிடக்கும். ஆக அந்தச் சொல்லின் அடியில் இருப்பது பாழ். எது தவிர்க்க முடியாதது, எது நாமே பாழாக்கியது என்ற பிரிவு அதில் கிடையாது.

மலாய்ப் பக்கம் போனால் அரசாங்கப் பாரங்களில் 'சீசா பினாஆன்' என்று இருக்கும், கட்டுமானக் கழிவு என்று நாம் படிப்போம். இந்த 'சீசா' வடமொழியின் 'சேஷ' என்ற சொல்லிலிருந்து மலாய்க்குப் போனது. ஆதிசேஷன் பெயரில் இருக்கிற அதே சேஷம்தான், மீதி என்று பொருள். அப்படியானால் மலாய்க்காரர்கள் பாரத்தில் எழுதுவது "கட்டி முடித்தபின் மீந்தது" என்பதுதான். எனக்கு இது ஆங்கிலச் சொல்லைவிடப் பிடித்திருக்கிறது, மீந்ததை எடுத்துவைக்கலாம், பாழானதை என்ன செய்வது?

சரி, தமிழுக்கு வருவோம். மஸ்ஜித் இந்தியாவிலோ பினாங்கு லெபோ பாசாரிலோ நகை வாங்கிய எல்லாருக்கும் செய்கூலி, சேதாரம் தெரியும். தங்கத்தை உருக்கி, வெட்டி, அராவி, மெருகேற்றும்போது எடை கொஞ்சம் குறையத்தான் செய்யும், அந்த இழப்பை வேலை தொடங்கும் முன்பே கணக்கிட்டுச் சொல்லிவிடுவதுதான் சேதாரம். 'சேதம்' என்ற சொல்லோடு உறவுள்ளது. வடமொழியில் 'சேத' என்றால் வெட்டுதல், சிரச்சேதம் என்பதில் அந்தப் பொருள் அப்படியே இருக்கிறது. டைல், கம்பி, பிளைவுட், கூரைப் பலகை என்று சைட்டில் வெட்டுகிற எல்லாவற்றுக்கும் இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. அதனால் பொருள் பட்டியலில் முன்கூட்டியே சேர்க்கும் அந்தப் பத்துப் பெர்சென்டுக்கு என் தமிழ் சேதாரம்தான். வடமொழி வேர் வேண்டாம் என்பவர்கள் 'வெட்டிழப்பு' என்று சொல்லலாம், நல்ல சொல்தான், ஆனால் சேதாரம் என்றதும் நம் ஆட்களுக்கு வரும் கேள்வி வெட்டிழப்பில் வருமா என்று சந்தேகம். "ஏன் இவ்வளவு சேதாரம்?" என்று நகைக்கடையில் கேட்காத தமிழர் உண்டா? பட்டறைத் தரையைக் கூட்டி, அந்தத் தூசியை அரித்துப் பொன் எடுக்கிற தொழிலே இருக்கிறது. அந்தக் கேள்வியை டைலுக்கும் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 3.2 மீட்டருக்கு 3.2 மீட்டர் அறை, 600 மில்லிமீட்டர் சதுர டைல். பரப்பளவுப்படி 28.4 டைல், பத்துப் பெர்சென்ட் சேர்த்தால் 32. இப்போது தரையில் உட்கார்ந்து பார்த்தால், முழு டைல் 25 போகும், இரண்டு ஓரங்களில் 200 மில்லிமீட்டர் இடைவெளி மிஞ்சும். ஒட்டுபவர் ஒரு டைலிலிருந்து ஒரு துண்டு மட்டும் வெட்டிவிட்டு மீதியை வீசினால் 36 டைல் தேவை. ஒரு டைலில் இரண்டு துண்டு எடுத்தால் 30, மிஞ்சிப்போனால் 31. அதே அறையைப் பிளான் போடும்போதே 3 மீட்டர் என்று வைத்திருந்தால் 25 டைலோடு வேலை முடிந்தது, கதவோரத்திலும் தூணோரத்திலும் மட்டும் வெட்டு. மூன்று அறை வீடு 300 இருக்கிற அடுக்குமாடியில், 36-க்கும் 31-க்கும் உள்ள அந்த ஐந்து டைல் வித்தியாசம் மட்டும் 4,500 டைல்.

இதில் முதல் பாதி டைல் ஒட்டுபவரின் கையில் இருக்கிறது, ஆனால் பெரிய பாதி, வீடு கட்டி விற்கும் மேம்பாட்டாளரின் வரைபட மேசையில் இருக்கிறது. மலேசியாவில் எம்எஸ் 1064 என்ற தரநிலை இதற்காகவே இருக்கிறது, 100 மில்லிமீட்டரை அடிப்படை அலகாக வைத்து அறை, கதவு, ஜன்னல் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும்படி அளவெடுக்கச் சொல்கிறது. கூரைப் பலகையும் பிளைவுட்டும் 1.22 மீட்டருக்கு 2.44 மீட்டராக வரும், கம்பி 12 மீட்டர் நீளத்தில் வரும், இந்த அளவுகளை மனதில் வைத்து வரைந்தால் சேதாரம் பாதி அங்கேயே குறைந்துவிடும். டிராயிங் முடிந்தபின் சைட்டில் வந்து சத்தம் போட்டுப் பயனில்லை.

இரண்டாவது விஷயம் விரயம். பஞ்சாங்கத்தில் ஆதாயம், விரயம் என்று ராசிக்கு ராசி போடுவார்களே, அந்த விரயம்தான். வடமொழி 'வ்யய', செலவு என்று பொருள், தமிழுக்கு வந்தபின் அது வீண்செலவாக நிலைத்துவிட்டது. தூய தமிழ் வேண்டும் என்றால் 'வீணடிப்பு' இருக்கிறது, இதில் எனக்குத் தயக்கமே இல்லை, எல்லாருக்கும் புரியும். இது நடந்திருக்கவே வேண்டாத இழப்பு. வெறும் தரையில் அடுக்கிய சிமெண்ட், வடிகாலோரம் கொட்டி மழையில் லோங்காங்குக்குள் போன மணல், தாமதமாக வந்த மாற்றத்தால் உடைத்த வேலை.

இதில் என் மனதை இன்றுவரை உறுத்துவது ஒன்று உண்டு. நான் இருந்த ஒரு கொண்டோ திட்டத்தில் சாவி கொடுத்த மறுவாரமே மாடிக்கு மாடி ஹேக்கிங் சத்தம். நாங்கள் ஒட்டி, துடைத்து, பிளாஸ்டிக் விரித்துப் பாதுகாத்த டைலை, வாங்கியவர்கள் அவரவர் விருப்பத்துக்கு உடைத்துக்கொண்டிருந்தார்கள். புதுக் கதவுகள், புதுச் சமையலறை அலமாரிகள் எல்லாம் கீழே ரோரோ தொட்டியில், அதாவது லோரி ஏற்றிப்போகும் பெரிய இரும்புக் குப்பைத் தொட்டியில், கிடந்தன. ஒரு தொட்டியில் நான் கணக்கெழுதி வாங்கிய வெள்ளை வாஷ்பேசின், ஸ்டிக்கர் கூடக் கிழிக்காமல் கிடந்ததைப் பார்த்தேன். வாங்கியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவர்கள் பணம், அவர்கள் வீடு. ஆனால் ஒப்பந்தம் போடும்போதே இரண்டு மூன்று டைல் வகையைக் காட்டி, அலமாரி வேண்டுமா வேண்டாமா என்று கேட்டு, அதன்படி எழுதிக்கொண்டு கட்டியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. கணக்கில் இது எங்கேயும் வராது, ஏனென்றால் சாவி கொடுத்ததோடு மேம்பாட்டாளரின் புத்தகம் மூடிவிடுகிறது. அதை விரயம் என்று பெயர் சொல்லி எழுத ஒரு பக்கம் இருந்திருந்தால், அடுத்த திட்டத்திலாவது யாராவது கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

மூன்றாவதுதான் கழிவு. கழி என்ற வினையிலிருந்து வந்த நல்ல தமிழ்ச் சொல், கணக்கில் கழித்தல் என்கிறோம், நம் ஊர்க் கடைகளில் தீபாவளிக்குக் "கழிவு விலை" என்று பலகை வைக்கிறார்கள், எல்லாம் ஒரே வேர், மொத்தத்திலிருந்து எடுத்துவிடுவது. அதனால் சைட்டின் வாசலைத் தாண்டி வெளியே போவதற்கு மட்டும் இந்தச் சொல்லை வைத்துக்கொள்ளலாம். சட்டமும் இங்கேதான் வருகிறது. 2007-ஆம் ஆண்டுத் திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம், அதாவது 672-ஆம் சட்டம், கட்டுமானத் திடக்கழிவைத் தனி வகையாகவே குறிப்பிடுகிறது. 2011 செப்டம்பரில் கோலாலம்பூரில் நடைமுறைக்கு வந்தது, பினாங்கும் சிலாங்கூரும் அப்போது அதில் சேரவில்லை. அனுமதியில்லாத இடத்தில் கொட்டினால் 10,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், சிறையும் உண்டு. பினாங்குத் தீவில் கட்டட இடிபாடுகள் பல காலமாக ஜெலுத்தோங் குப்பைமேட்டுக்குத்தான் போயின, 2022 தொடக்கத்தில் அது தீப்பிடித்தபோது எழுந்த புகையை அந்தப் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போடுவதுதான் கழிவின் பெரிய சிக்கல். உடைத்த கான்கிரீட் தனியாக இருந்தால் நொறுக்கிப் பாதைக்கு அடித்தளமாகப் போடலாம், கம்பித் துண்டைப் பழைய இரும்புக்காரர் காசு கொடுத்தே எடுத்துக்கொள்வார். அதோடு ஜிப்சம் பலகையும் மரமும் பெயின்ட் டின்னும் கலந்துவிட்டால் எதற்கும் உதவாது. ஜிப்சம் நனைந்து காற்றில்லாமல் புதைந்தால் அழுகிய முட்டை வாடையோடு நச்சு வாயு கிளம்பும். பழைய வீடுகளின் அஸ்பெஸ்டாஸ் தகடு இன்னும் மோசம், அதை உடைக்காமல் தனியாக, உரிமம் பெற்றவர்களை வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

மராமத்து வேலைக்கு 'இடிபாடு' என்ற சொல்லையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். டெப்ரிஸ் என்று சைட்டில் சொல்வோம், பிரெஞ்சு மொழியில் உடைத்தல் என்ற பொருளிலிருந்து வந்தது. ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் இடித்ததெல்லாம் இடிபாடு ஆவதில்லை. காரணம் சுண்ணாம்புச் சாந்து. அது செங்கல்லைவிட மென்மையானது, தட்டினால் உதிரும், கல் முழுதாகக் கையில் வரும், மறுபடி கட்டலாம். சிமெண்ட் கலவையில் கட்டிய சுவரை இடித்தால் கலவைக்கு முன் கல் உடையும். (நம் சுண்ணம்தான் ஆங்கிலத்தில் 'சுனாம்' ஆனது.) செங்கால் என்ற உறுதியான மரத்து உத்திரம், பழைய மண் ஓடு இவற்றையும் இப்படி எடுத்து வைக்கலாம், ஆனால் அதற்கு இடிப்பது என்று இல்லாமல் 'பிரித்தெடுப்பது' என்று குத்தகைத் தாளிலேயே எழுத வேண்டும், பிரிக்க நாள் கூடுதலாகும், அதற்குக் கூலியும் கொடுக்க வேண்டும்.

கழிவைக் குறைக்க இன்னொரு வழி, கான்கிரீட் சுவரையும் தளத்தையும் தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்து பொருத்துவது; அந்த முறை இங்கே புதிதல்ல, கோலாலம்பூர் பெக்கெலிலிங் அடுக்குமாடியும் பினாங்கு ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடியும் 1960-களிலேயே அப்படிக் கட்டியவை. சைட்டில் பலகையும் கலவையும் வீணாவது இதில் வெகுவாகக் குறையும்.

கடைசியாக ஒரு சொல், மிச்சம். மீந்தது என்றும் பொருள், சேமித்தது என்றும் பொருள், "மாதம் நூறு வெள்ளி மிச்சம் பிடிக்கிறேன்" என்கிறோம். என் கணக்குப் புத்தகத்தில் இப்போது சேதாரம், விரயம், கழிவு, மிச்சம் என்று நான்கு பத்தி. ஒரு திட்டத்தில் ஒட்டியது போக மீந்த டைலைத் தொட்டியில் போடவிடாமல், அடுக்குமாடி நிர்வாகத்திடம் பேசி, வகைக்கு நான்கு பெட்டி வீதம் கீழ்த்தளக் கிடங்கில் வைக்கச் செய்தேன். ஆறு வருடம் கழித்து அங்கே ஒரு வீட்டுக் கூடத்தில் டைல் பொங்கி எழுந்துவிட்டது, அந்த நிறத்தை ஆலையே நிறுத்திவிட்டது, கூடம் முழுவதையும் உடைப்பதாக இருந்தார்கள். கிடங்கிலிருந்து ஒரு பெட்டியைத் திறந்தார்கள், ஐந்து டைலோடு வேலை முடிந்தது.