பழைய கார், சின்ன பிள்ளைங்க, ஆர்டிஓ ஆபீஸ்: ஆர்சி புதுப்பிக்கும்போது ஏமாந்துடாதீங்க

தாத்தா ஓட்டுன பத்மினியோ, அப்பா வாங்குன மாருதி 800-ஓ இன்னும் வீட்டுல நிக்குது, அதுலயே பிள்ளைங்கள ஸ்கூலுக்கு கூட்டிட்டு போகணும்னு ஆசைப்படுறவங்களுக்குத்தான் இது. தமிழ்நாட்டுல இருக்கிறவங்கள மனசுல வச்சு எழுதுறேன்.

மொதல்ல ஒரு பொய்ய உடைச்சிடுவோம். "பதினஞ்சு வருஷம் ஆச்சுங்க, இனி ரோட்டுல எடுத்தா புடிச்சு நசுக்கிடுவாங்க, நானே எடுத்துக்கிறேன்"னு புரோக்கர் சொன்னத நம்பி, நல்லா ஓடிட்டிருந்த வண்டிய இரும்பு விலைக்கு குடுத்த குடும்பங்கள நான் பாத்திருக்கேன். அப்புறம் அதே வண்டி பெயிண்ட் அடிச்சு, குரோம் போட்டு, பல மடங்கு விலைக்கு கைமாறும். பெட்ரோல் வண்டிக்கு 15, டீசலுக்கு 10ன்னு வந்த கட்டுப்பாடு டெல்லியையும் அத சுத்தியிருக்கிற பகுதியையும் பத்தினது. நம்ம ஊர்ல சொந்த உபயோக காருக்கு மோட்டார் வாகன சட்டம் 41ஆவது பிரிவுப்படி மொத 15 வருஷம் முடிஞ்சதும் ஆர்சிய, அதாவது வண்டியோட பதிவு சான்றிதழ, அஞ்சு அஞ்சு வருஷமா புதுப்பிச்சுக்கலாம், இத்தனை தடவைதான்னு எல்லை கிடையாது, வண்டி தகுதியா இருந்தா போதும். இது உங்க உரிமை, யாரோட தயவும் இல்ல.

அடுத்த பொறி "விண்டேஜ்". 2021 ஜூலைல மத்திய அரசு விண்டேஜ் வண்டிக்கு தனி பதிவுன்னு ஒரு விதி கொண்டுவந்துச்சு. உடனே "விண்டேஜ் ஆக்கி தர்றேன், எந்த தொல்லையும் இருக்காது"ன்னு ஒரு கூட்டம் கிளம்பிருச்சு. தயவு செஞ்சு அதுல விழாதீங்க. மொத பதிவாகி 50 வருஷம் தாண்டியிருக்கணும், சேசிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாத்தம் எதுவும் செஞ்சிருக்கக் கூடாது, புதுசா பதிய கட்டணம் 20,000 ரூபா. மாருதி 800 மொத வண்டி வெளிய வந்ததே 1983 டிசம்பர்ல, அப்போ எந்த மாருதியும் 2033க்கு முன்னாடி இதுக்குள்ள வரவே முடியாது. எண்பதுகள்ல வாங்குன பத்மினிக்கும் இன்னும் வயசு ஆகல. வண்டலூர்ல தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மாதிரி வண்டி வச்சிருக்கிறவங்களுக்கு வயசு சரியா வரும், ஆனா அவங்களும் யோசிக்கணும், ஏன்னா விண்டேஜ்னு பதிஞ்சுட்டா கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேர் பாக்கன்னு இதுக்குத்தான் ரோட்டுல எடுக்கலாம், தினப்படி ஓட்டக் கூடாது. காலைல பிள்ளைய ஸ்கூல் வாசல்ல இறக்கி விடுறது தினப்படி ஓட்டம்தானே? உங்களுக்கு வேண்டியது சாதாரண ஆர்சி புதுப்பிப்பு மட்டும்தான், அதுக்கு படிவம் 25, ஆர்சி முடியறதுக்கு 60 நாள் முன்னாடியே போடலாம்.

செலவு குறைவில்ல. 600 ரூபாயா இருந்த புதுப்பிப்பு கட்டணத்த 2022 ஏப்ரல்ல 5,000 ஆக்குனாங்க, 20 வருஷம் தாண்டுன காருக்கு 2025 ஆகஸ்ட்ல 10,000 ஆக்குனாங்க. தேதி கடந்துட்டா மாசத்துக்கு 500 தாமத கட்டணம், அதுக்கு மேல பசுமை வரி. கட்டுறதுக்கு முன்னாடி பரிவாகன்ங்கிற அரசாங்க வாகன இணையதளத்துல அன்னிக்கு காட்டுற தொகைய நீங்களே பாருங்க. புரோக்கர் சொல்ற "மொத்தமா இவ்வளவு" கணக்குல அரசாங்கத்துக்கு போறது எவ்வளவுன்னு பிரிச்சு கேளுங்க, ரசீது உங்க கைக்கு வரணும்.

இப்ப ஆளையே உறிஞ்சுற விஷயத்துக்கு வர்றேன். மூணு எழுத்துல ஆரம்பிக்கிற பழைய நம்பர் உள்ள வண்டி நிறைய கம்ப்யூட்டர்லயே இருக்காது. நம்பர தட்டுனா "விவரம் இல்லை"ன்னு வரும், கவுன்ட்டர்ல உள்ளவர் "உங்க வண்டியே இல்லையேங்க"ன்னு சாதாரணமா சொல்லிட்டு அடுத்தவர கூப்பிடுவாரு. பயப்படாதீங்க, அதுக்கு பேக்லாக் என்ட்ரின்னு ஒண்ணு இருக்கு, பழைய ஆர்சி புக்க பாத்து அவங்க ஏத்தி விடணும். வண்டிய மொதல்ல பதிஞ்ச ஆபீஸ்லதான் அத செய்யணும், அந்த ஆபீஸே இப்ப ரெண்டு மூணா பிரிஞ்சிருக்கும், இங்க போனா அங்க போங்கம்பாங்க, அங்க போனா ரெஜிஸ்டர் இங்க இல்லம்பாங்க. வாயால பேசிட்டு திரும்பி வராதீங்க. ஒரு மனு எழுதி, ஆர்சி புக்கோட எல்லா பக்கமும் நகல் வச்சு, சீல் போட்ட ஒப்புகை வாங்கிட்டு வாங்க. பேப்பர் இருந்தாத்தான் அடுத்த தடவை போய் நிக்கும்போது பேச முடியும்.

ஓனர் இறந்து போயிருந்தா இன்னொரு சுத்து இருக்கு. 30 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்கு தகவல் சொல்லணும், மூணு மாசத்துக்குள்ள படிவம் 31ல பேர் மாத்த மனு போடணும்னு விதி. துக்க வீட்டுல யாருக்கு இது ஞாபகம் வரும்? வருஷக்கணக்கா அப்படியே விட்டு, இன்சூரன்ஸ் மட்டும் தாத்தா பேர்லயே கட்டிட்டு இருப்பாங்க. வாரிசு சான்றிதழ், மத்த வாரிசுங்களோட சம்மதம் ரெண்டையும் எல்லாரும் நல்லா பேசிக்கிட்டு இருக்கும்போதே வாங்கி வச்சிடுங்க. "மொதல்ல பேர மாத்து"ன்னு ஒரு கவுன்ட்டர், "மொதல்ல எஃப்சி (வண்டி தகுதி சோதனை) பண்ணிட்டு வா"ன்னு இன்னொரு கவுன்ட்டர்னு பந்தாடுனா, எது முதல்னு எழுத்துல கேளுங்க. வெளிய வாங்குறவங்க ஆர்சில ஹைப்பாதிகேஷன், அதாவது வண்டி மேல கடன் இருக்குங்கிற பதிவு, இருக்கான்னு கட்டாயம் பாருங்க, கடன் குடுத்த ஃபைனான்ஸ் கம்பெனி மூடி எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும், கடன் தீர்ந்துச்சு, ஆட்சேபம் இல்லன்னு என்ஓசி குடுக்க ஆளே இருக்காது.

புதுப்பிக்கிறதுக்கு முன்னாடி வண்டி தகுதியா இருக்கான்னு சோதிக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் மொதல்ல பாக்குறது சேசிஸ் நம்பர். அதுமேல பேப்பர வச்சு பென்சிலால தேய்ச்சா எழுத்து தெளிவா விழணும். பழைய வண்டில பெயிண்ட் மேல பெயிண்ட் ஏறி நம்பர் மூழ்கி கிடக்கும், ஓரத்துல துரு இருக்கும். முந்தின நாளே தின்னர் நனைச்ச துணியால மெதுவா துடைங்க, உப்புத்தாள் போட்டு தேய்க்காதீங்க, எழுத்து அழிஞ்சுட்டா நம்பர திருத்துனதா சந்தேகம் வரும், அதுலேர்ந்து வெளிய வர்றது ரொம்ப கஷ்டம். இன்ஜின் மாத்துன வண்டின்னா ஆர்சில ஏத்தியிருக்கான்னு பாருங்க, கலர் மாத்துனாலும் அப்படித்தான். ஹேண்ட் பிரேக், வைப்பர், ஹாரன், இண்டிகேட்டர் இதுலதான் பாதி பேர் திரும்பி வர்றாங்க. புகை சோதனைக்கு போறதுக்கு முன்னாடி கார்புரேட்டர ட்யூன் பண்ணிக்கோங்க, பழைய பெட்ரோல் வண்டிக்கு கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்குள்ள வரணும்.

பிள்ளைங்க விஷயம். முன் சீட் பெல்ட் கட்டாயமானது 1994ல, பின் சீட்டுக்கு 2002ல. அதுக்கு முந்தின வண்டில பெல்ட் இல்லைன்னா அது உங்க தப்பில்ல, விதியும் பெல்ட் இருக்கிற வண்டியத்தான் பேசுது. ஆனா 194பி பிரிவு, 14 வயசுக்கு கீழ உள்ள பிள்ளைய பெல்ட்டோ சைல்டு சீட்டோ இல்லாம கூட்டிட்டு போனா 1,000 ரூபா அபராதம்னு சொல்லுது, வழில நிறுத்துறவர் உங்க வண்டி எந்த வருஷம்னு கேட்டுட்டு இருக்க மாட்டாரு. அபராதத்த விடுங்க, பிரேக் அடிச்சா மடில இருக்கிற குழந்தைய எந்த கையாலயும் புடிக்க முடியாது. பின் சீட்டுக்கு பெல்ட் போட்டுடுங்க, பெல்ட் ஆர்சில எழுதுற விஷயம் இல்ல. மெல்லிசு தகரத்துல ஸ்க்ரூ அடிச்சு மாட்டுறவர்கிட்ட மட்டும் போகாதீங்க, போல்ட்டுக்கு அடில கனமான இரும்பு பிளேட் வச்சு இறுக்கணும், இல்லைன்னா இழுப்புல அப்படியே பிச்சுக்கிட்டு வந்துடும். சைல்டு சீட் வாங்கும்போது பெல்ட்டால கட்டுற மாடலா பாத்து வாங்குங்க, சைல்டு சீட்ட நேரா மாட்டுற ஐசோஃபிக்ஸ் கொக்கி உங்க வண்டில இருக்காது. பின் கதவுல சைல்டு லாக்கும் பெரும்பாலும் இருக்காது, ஓடுற வண்டில குழந்தை கைப்பிடிய இழுத்தா கதவு திறந்துக்கும்.

ஆர்சி காலாவதியான வண்டில பிள்ளைங்கள ஏத்தாதீங்க, "தெரு முனை வரைக்கும்தானே"ன்னு கூட வேண்டாம். போலீஸ் புடிச்சா 5,000 வரைக்கும் போகலாம், அதவிட பெரிய அடி, ஏதாவது ஆயிட்டா ஆர்சி செல்லாததையே காரணமா காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கைய விரிச்சிடும். இன்ஸ்பெக்ஷனுக்குக் கூட டோ பண்ணி கொண்டுபோறது நல்லது.

எல்லாம் குடுத்தும் ஃபைல் நகரலைன்னா முதல்வர் உதவி எண் 1100ல புகார பதிஞ்சு அந்த நம்பர எழுதி வச்சுக்கோங்க. கூடவே 10 ரூபா கட்டணத்துல ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை சட்ட மனு) போடுங்க. "ஏன் தாமதம்"னு கேட்டா மழுப்பலா பதில் வரும். இந்த தேதில நான் குடுத்த மனு இப்ப யார் மேஜைல இருக்கு, அவர் பதவி என்ன, எந்த தேதிலேர்ந்து அங்க இருக்கு, ஃபைல் குறிப்போட நகல் குடுங்கன்னு கேளுங்க. பதில் சொல்ல அவங்களுக்கு 30 நாள்தான்.