எல்லாத் தட்டையும் ஒரே நேரத்தில் பரப்பாதீர்கள்

கோப்பன்ஹேகனில் ஓர் உணவகத்தின் குளிர் உணவுப் பிரிவில் வேலை செய்கிறேன். காலை முழுக்க ஸ்மோர்பிரோட் அடுக்குவதுதான் என் பாடு. பெயருக்குப் பொருள் பட்டரும் பாணும். ரை என்ற தானியத்தில் சுட்ட கறுத்த பாண் துண்டின் மேல் மீன், முட்டை, இறைச்சி என்று அடுக்கி, மூடாமல், கத்தியும் முள்ளுக்கரண்டியும் வைத்துச் சாப்பிடுவது. டேனிஷ்காரருக்கு இது பெரும்பாலும் மதியச் சாப்பாடு. அடுப்பு வேலை குறைவு என்று நம் ஆட்கள் இப்போது இரவு விருந்துக்கும் வைக்கிறார்கள். யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எத்தனை மணிக்கு மேசையில் வைப்பீர்கள்?"

நான் பட்டு அறிந்தது இது. முதன்முதலில் வீட்டில் விருந்து வைத்தபோது, படம் எடுக்க அழகாக இருக்கட்டும் என்று முப்பது துண்டையும் ஆறு மணிக்கே பரப்பிவிட்டேன். விருந்தாளிகள் வந்தபோது எட்டரை. இறாலில் இருந்து தண்ணீர் கசிந்து பாண் சொதசொதத்திருந்தது, மேலே வைத்த கீரை வாடித் தொங்கியது. பாதியைக் கொட்டினேன்.

டேனிஷ் வழக்கத்திலேயே இதற்கு வழி இருக்கிறது. முதலில் ஊறவைத்த ஹெரிங் மீன், கூடவே விரும்புகிறவர்களுக்குச் சின்னக் கிளாஸில் ஸ்னாப்ஸ் என்ற கடும் மது. பிறகு மற்ற மீனும் இறாலும், அதன்பின் இறைச்சி, கடைசியில் சீஸ். ஹெரிங் முடிந்ததும் தட்டையும் மாற்றுவார்கள். ஒரு சுற்று மேசையில் இருக்கும்போது அடுத்தது பிரிட்ஜில் 5 பாகைக்குக் கீழே இருக்கட்டும். ஆளுக்கு மூன்று துண்டு தாராளம்.

பட்டரில் கஞ்சத்தனம் வேண்டாம். கடித்தால் பல் தடம் பதியும் அளவு பூசினால் அதற்கு 'பல் பட்டர்' என்றே டேனிஷில் பெயர் உண்டு. பாணின் விளிம்பு வரை பூசுங்கள். மேலே இருக்கும் ஈரம் பாணுக்குள் இறங்காமல் தடுப்பது அந்தக் கொழுப்புதான்.

சரி, நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். லிஸ்டீரியா என்ற கிருமி பிரிட்ஜ் குளிரிலும் மெல்லப் பெருகும். மணமோ நிறமோ மாறாது. 2013–14இல் டென்மார்க்கில் அது 41 பேரைத் தாக்கி, 17 பேர் இறந்தார்கள். காரணம் மசாலா தடவிச் சுருட்டிய குளிர் இறைச்சி. ஸ்மோர்பிரோட்டின் மேல் எப்போதும் வைக்கும் சாமான் அது. வெப்பம் காட்டாமல் புகையூட்டிய சால்மனிலும் உப்பும் சீனியும் தடவி ஊறவைத்த சால்மனிலும் இதே பயம் உண்டு. கர்ப்பிணிகளுக்குக் கருக்கலையவும் கூடும்.

அதனால் விருந்துக்கு அழைக்கும்போதே கேட்டுவிடுங்கள்: கர்ப்பமாக யாராவது இருக்கிறார்களா, வயதானவர்கள், புற்றுநோய்க்குக் கீமோ எடுத்து உடலில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் வருகிறார்களா? அவர்களுக்கு அப்போதுதான் பொரித்த மீன், அவித்த முட்டையும் தக்காளியும், உருளைக்கிழங்கு என்று தனியாக அடுக்குங்கள். ருசியில் அது குறைந்த சாப்பாடு இல்லை. சூடான பொரித்த மீன் துண்டுக்குத்தான் எங்கள் கடையில் கிராக்கி. வேகாத முட்டை மஞ்சள்கரு வைக்கும் வகைகளுக்கு, கிருமி சாகும் அளவு இளஞ்சூடு காட்டிய, பாஸ்டரைஸ் செய்த முட்டையை வாங்குங்கள்.

மேசையில் 2 மணிநேரம் இருந்ததை நான் திரும்ப பிரிட்ஜில் வைப்பதில்லை. "எறியாதே பிள்ளை, நாளைக்குச் சொதிக்கு ஆகும்" என்று அம்மா இறாலைப் பார்த்துச் சொல்வார். பாணை மட்டும் அவரிடம் கொடுத்துவிட்டு, இறாலைக் கொட்டிவிடுவேன்.