ஹோலோடைப்: சொல் விளக்கம்

திருப்பூர் பனியன் கம்பெனிக்குள் பத்து நாள் போய் வந்தவருக்கும் 'சீல் சாம்பிள்' தெரிந்திருக்கும். பையர் ஒரு பீஸைப் பார்த்து, சரி என்றால் அட்டை கோத்துக் கையெழுத்துப் போட்டு சீல் வைத்துவிடுவார். அப்புறம் தைத்து வருகிற அத்தனை பீஸுக்கும் அதுதான் நியாயம். கழுத்துப் பட்டி கால் இஞ்ச் கூடிப்போச்சு என்று செக்கிங் டேபிளில் சண்டை வந்தால், "ஏனுங்க, வாயிலயே பேசாம சீல் சாம்பிளை எடுத்தாங்க" என்று ஒரு குரல் வரும். பீரோ திறக்கும், டேப் வைப்பார்கள், பேச்சு முடிந்தது.

உயிரினங்களுக்குப் பெயர் வைப்பதில் அந்த சாம்பிள்தான் ஹோலோடைப். புதிய இனம் என்று அறிவிப்பவர், 'இந்தப் பெயர் இந்தப் பொருளுக்கு' என்று ஒரே ஒரு மாதிரியைச் சுட்டுவார். பெயரைத் தாங்கும் மாதிரி எது என்று சுட்டுவது விலங்குப் பெயரீட்டு விதிகளில் 2000 முதல் கட்டாயம்.

கிரேக்கத்தில் 'ஹோலோஸ்' என்றால் முழுமை. 'டூப்போஸ்' என்றால் அடி. அடித்ததால் பதிந்த தடம், முத்திரை. இந்த 'முழு'தான் ஆளைக் குழப்புகிறது.

இங்கிலாந்தின் லில்ஸ்டாக் கடற்கரையில் 2016இல் ஒரு ராட்சதத் தாடை எலும்பு கிடைத்தது. இக்தியோசர், அதாவது மீன் வடிவக் கடல் ஊர்வனத்தின் எலும்பு. 2018இல் அதை விவரித்து எழுதினார்கள்; பெயர் மட்டும் வைக்கவில்லை. ஒற்றை எலும்பில் தெரியும் வித்தியாசம் இனத்தின் அடையாளமா, அந்த ஒரு விலங்கின் கோணலா என்று எப்படிச் சொல்வது? 2020இல் சற்றுத் தள்ளி, புளூ ஆங்கர் கரையில், ஓர் அப்பாவும் 11 வயது மகளும் இன்னொன்றைக் கண்டெடுத்தார்கள். தாடையின் அதே பகுதி, அதே அடையாளங்கள், கூடுதல் நல்ல நிலையில். 2024இல் பெயர் வந்தது: இக்தியோடைட்டன் செவர்னென்சிஸ். வயது சுமார் 20 கோடியே 20 லட்சம் ஆண்டு. எலும்பு மட்டும் 2 மீட்டருக்கு மேல். விலங்கு 25 மீட்டர் இருக்கலாம் என்பது மதிப்பீடு.

ஹோலோடைப்பாக வைத்தது 2020 எலும்பை. ஆக 'முழு மாதிரி' என்றால் தப்பு, இருப்பது தாடைத் துண்டுகள்தான். 'முதல் மாதிரி' என்றாலும் தப்பு, முதலில் கிடைத்தது வேறு. இனத்திலேயே சராசரியான ஆளாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. 'டூப்போஸ்' காட்டுகிற வழியில், திருப்பூர் புழக்கத்தையும் ஒட்டி, 'முத்திரை மாதிரி' என்று எழுதலாம் என்பது என் கட்சி.

மாதிரி சரியில்லை என்றால் பெயரும் தொங்கும். திருச்சிப் பக்கம் கிடைத்த முதுகெலும்புகளை வைத்து ஆங்கிலேயத் தொல்லுயிர் ஆய்வாளர் லைடெக்கர் 1879இல் 'இக்தியோசாரஸ் இண்டிகஸ்' என்று பெயரிட்டார். அதே வகை முதுகெலும்பு பல இனங்களுக்கும் உண்டு என்பதால் இன்று அது ஐயப்பெயர், அதாவது எந்த இனத்துக்கு என்று உறுதியாகச் சொல்ல முடியாத பெயர். பட்டனுக்கு மட்டும் சீல் வைத்தால் சட்டையை எப்படிச் சரிபார்ப்பது?

ஹோலோடைப் அழிந்து, பெயர் யாருக்கு என்பதில் குழப்பம் வந்தால் வேறொன்றை நியமிப்பார்கள். அது நியோடைப், 'மறுமுத்திரை மாதிரி'. திருப்பூரில் சீல் சாம்பிள் தொலைந்தால் நடப்பதை இங்கே எழுத முடியாதுங்க.