பாதத் தொய்வு

பினாங்கு ஜார்ஜ்டவுனில் மருத்துவமனைக்குப் போய் வந்த மாமா, "எனக்கு ஃபுட் டிராப்பாம், பாதம் விழுந்துபோச்சாம்" என்றார். பாதம் இருந்த இடத்தில்தான் இருந்தது. சொல்தான் அவரை மிரட்டியிருந்தது.

ஆங்கில டிராப்புக்குத் துவண்டு தொங்குவது என்றும் பொருள் உண்டு. நடக்கக் காலைத் தூக்கும்போது பாதத்தின் முன்பகுதி எழாமல் தொங்கிவிடும் நிலை இது. பாதத்தைத் தூக்கும் தசைகளுக்கான நரம்பு, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் எலும்பைச் சுற்றி, தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. மாவுக்கட்டு இறுகினாலோ, நெடுநேரம் கால்மேல் கால் போட்டிருந்தாலோகூட அது நசுங்கலாம். முதுகெலும்பில் வட்டு (டிஸ்க்) பிதுங்குவது, பக்கவாதம், நீரிழிவு, தொழுநோய் ஆகியவையும் காரணமாகும்.

நேராகப் பெயர்த்தால் 'பாத வீழ்ச்சி'. எனக்கு ஒப்பவில்லை, வீழ்ச்சி பேரரசுக்கும் பங்குச் சந்தைக்கும் வருவது. கொடிக்கயிறு தொய்கிறது, கயிற்றுக் கட்டில் தொய்கிறது என்கிறோமே, இழுத்துப் பிடிக்க வேண்டியது தளர்வதுதான் இங்கேயும். ஆகவே தொய்வு.

பாதம் வடசொல்லாயிற்றே, 'அடித்தொய்வு' எனலாமா? அடி என்றால் அளவு, உதை, பானையின் அடி என்று மனம் எங்கெங்கோ ஓடும். பாதமே இருக்கட்டும். அப்புறம், நம் ஊரில் அஞ்சடி என்பது கடைமுன் நடைபாதை, மலாயில் காக்கி லீமா. கடைக்குக் கடை தரை ஏறி இறங்கும் அந்த அஞ்சடியில்தான் மாமாவின் விரல்நுனி தட்டும், செருப்பு நழுவும். தட்டாமலிருக்க முழங்காலை உயர்த்தி உயர்த்தி வைப்பார்.

மருத்துவமனையில் மாமாவுக்குக் கொடுத்த பயிற்சித் தாளில் இன்னொரு சொல்: டார்சிபிளெக்ஷன். லத்தீனில் டார்சம் என்றால் முதுகு. பாதத்துக்கு ஏது முதுகு என்று சிரிக்க வேண்டாம். புறங்கை மாதிரி நமக்குப் புறங்கால் இருக்கிறது. 'புறங்கால் மடக்கல்' என்றால் போதும். நாற்காலியில் உட்கார்ந்து, குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தை மட்டும் தூக்க வேண்டும். எழவில்லையா? சரி, காலை நீட்டி, பாதத்தில் துண்டைச் சுற்றித் தன் பக்கம் இழுத்து 30 விநாடி நிறுத்தலாம். கெண்டைக்கால் தசை குறுகிப்போகாமலிருக்க அது உதவும். ரப்பர் பட்டை, கொஞ்சம் பலம் திரும்பிய பிறகு. எதை எப்போது என்பதைப் பிசியோதெரபிஸ்ட்தான் சொல்ல வேண்டும்.

சிதைந்த நரம்பு மீண்டும் வளர்ந்தாலும் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான். மாமாவிடம் அதைச் சொன்னேன். துண்டுக்குப் பதில் பழைய கைலியைச் சுற்றி இழுத்துக்கொண்டே, "தொய்வுதானே, இழுத்துக் கட்டிடலாம்" என்றார்.