கல்பாசியின் சொந்தக்காரன் சென்ட் பாட்டிலில்

புதுச்சேரி வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பாரிஸில் இருந்த பெரியம்மாவின் பழைய மிட்சூகோ சென்ட் கால் பாட்டில் மிச்சம் இருக்கிறது. அதே பெயரில் புதிதாக ஒன்று வாங்கினேன். வாசனை ஒத்தே வரவில்லை. போலியை வாங்கிவிட்டேனா?"

போலியாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. அசலே மாறியிருக்கிறது. ஜாக் கெர்லான் என்ற பிரெஞ்சு சென்ட் கலைஞர் 1919இல் உருவாக்கிய இந்த சென்ட்டின் கலவையைப் பின்னால் வந்தவர்கள் திருத்தியிருக்கிறார்கள். உங்கள் பழைய பாட்டிலும் சும்மா இருக்கவில்லை. முதலில் மூக்கில் ஏறுவது பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் தோல் எண்ணெய். அதிலுள்ள லிமோனீன் என்ற மணப்பொருள், பாட்டிலின் காலியிடத்தில் புகுந்த காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டுப்போகும். அதனால் முதல் பத்து நிமிடத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டு காகிதத் துண்டுகளில் தொட்டு வைத்து, ஒரு மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள். நான் அப்படிச் செய்தபோது பழையதில் மழையில் ஊறிய மரப்பட்டையின் வாசம், மையைப் போல லேசான கசப்போடு எழுந்தது. புதியதிலும் அதே சாயல்தான், ஆனால் மெலிந்து போயிருந்தது.

அந்த ஈரப்பட்டை வாசம் ஓக்மாஸ் தருவது. பெயரில்தான் பாசி, உண்மையில் பாசியும் பூஞ்சையும் கூடி வாழும் லைக்கன். ஐரோப்பாவில் ஓக் மரக்கிளைகளில் படரும். நம் செட்டிநாட்டுக் குழம்புக்குத் தாளிக்கும் கல்பாசியும் லைக்கன்தான், அதே குடும்பம். சூடான எண்ணெயில் விழுந்ததும் அது விடுகிற மணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஓக்மாஸ் அதற்கு ஒன்றுவிட்ட தம்பி.

இரண்டிலும் அட்ரனோரின் என்ற மூலக்கூறு உண்டு. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இரண்டு பென்சீன் வளையங்களை, அதாவது ஆறு கார்பன் அணுக்கள் கைகோத்த வட்டங்களை, எஸ்டர் என்ற பிணைப்பு கோத்து வைத்திருக்கிறது. முழுதாக இருக்கும்வரை ஆவியாகாது, அதனால் மணமும் இல்லை. சாறு இறக்கும்போது பிணைப்பு அறுகிறது. ஒரு பாதி மெத்தில் அட்ராட்டேட்; ஓக்மாஸ் மணத்தில் பெரும்பங்கு இதனுடையது. மறுபாதி கரியமில வாயுவை உதறிவிட்டு அட்ரனால் ஆகிறது. இது ஆல்டிஹைடு என்ற, எளிதில் வினைபுரியும் வகையைச் சேர்ந்தது. தோலிலுள்ள புரதங்களின் அமீன் தொகுதியை (நைட்ரஜன் உள்ள முனையை) கண்டால் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் நம் சொந்தப் புரதமே அந்நியன் போலத் தெரிகிறது. நோய் எதிர்ப்பு அணுக்கள் அந்த முகத்தை மனப்பாடம் செய்துவிடுகின்றன. அடுத்த முறை பூசும்போது கழுத்தில் தடிப்பும் அரிப்பும். குளோரின் அணு ஒன்று கூடுதலாகக் கொண்ட குளோரோஅட்ரனால் இன்னும் பொல்லாதது. ஒவ்வாமை உள்ளவருக்குப் பத்து லட்சத்தில் சில பங்கே போதும்.

மணமும் அரிப்பும் ஒரே மூலக்கூறின் இரண்டு பாதிகள்! "இயற்கையானது, ஒன்றும் செய்யாது" என்று விற்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். ஆய்வகத்தில் தனியாகச் செய்த மெத்தில் அட்ராட்டேட்டில் அட்ரனால் கிடையாது. மரத்தில் விளைந்ததில் உண்டு.

ஐரோப்பிய ஒன்றியம் இந்த இரண்டு அட்ரனால்களையும் 2017இல் தடை செய்தது. 2021 ஆகஸ்டுக்குப் பிறகு அவை கலந்த சரக்கை அங்கே விற்க முடியாது. இப்போது அட்ரனால் நீக்கிய ஓக்மாஸைப் பயன்படுத்துகிறார்கள். நீக்கும்போது வாசத்திலும் கொஞ்சம் போய்விடுகிறது. அந்தப் பள்ளத்தை வேறு பொருள்களால் நிரப்புவதுதான் சென்ட் கலைஞரின் பாடு. தடை சரிதான் என்பேன். ஆனால் கலவையை மாற்றினால் மாற்றினோம் என்று பெட்டியில் அச்சிடவேண்டும். இல்லாவிட்டால் உங்களைப் போன்றவர்கள் தங்கள் மூக்கையே சந்தேகிப்பார்கள்.

பிரான்சின் வெர்சாய் நகரில் ஆஸ்மோதெக் என்ற மணக் காப்பகம் 1990 முதல் இருக்கிறது. பழைய சென்ட்டுகளை இருட்டில், 12 டிகிரி குளிரில், எதோடும் எளிதில் சேராத ஆர்கான் வாயு நிரப்பிக் காக்கிறார்கள். நம் ஊர் அத்தர்களுக்கும் அப்படி ஓர் அறை கட்ட அரசு பணம் ஒதுக்கவேண்டும்.

உங்களிடம் ஆர்கான் இருக்காது. பெரியம்மாவின் சென்ட்டைக் கழுத்து நிரம்புகிற சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, இறுக மூடி, பீரோவின் இருட்டில் வையுங்கள். தோலில் பூசவேண்டாம். அவர் நினைவு வரும்போது கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டு, ஒரு மணி நேரம் பொறுத்திருந்து முகருங்கள்.