கட்சிப் பெயர் வேண்டாம், குடத்துக் கணக்கு வேண்டும்

சமுதாய வானொலி, அதாவது ஒரு வட்டாரத்துக்கு மட்டும் கேட்கும் சிறிய எஃப்எம் நிலையம், நடத்துகிறவர்களில் பலர், "அரசியலா? வம்பு, நமக்கு எதுக்கு" என்று ஒதுங்கி, சமையல் குறிப்பும் பாட்டும் போட்டே நேரத்தை ஓட்டுகிறார்கள். கேட்டால் விதியைக் காட்டுவார்கள். அந்த விதியை முழுதாகப் படித்துவிடுவது நல்லது.

வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. 2004இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாக வானொலி தொடங்கியது. 2006 முதல் சமுதாய வானொலி நடத்தத் தொண்டு அமைப்புகளுக்கும் அனுமதி கிடைக்கிறது. விதிப்படி, சொந்தமாகச் செய்தி வாசிப்பதும் அரசியல் தன்மையுள்ள நிகழ்ச்சியும் கூடாது. ஆகாசவாணி செய்தியை மாற்றாமல் மறுஒலிபரப்பலாம். உள்ளாட்சி தரும் குடிநீர், மின்தடை, பேரிடர் அறிவிப்புகளும், விழா, தேர்வு, வேலைவாய்ப்புத் தகவல்களும் செய்திக் கணக்கில் வராது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் படிவம் 6, வீடு மாறினால் படிவம் 8 என்று சொல்வதில் எந்தக் கட்சியும் இல்லை. தெருவில் குப்பை அள்ளாவிட்டால் சென்னை மாநகராட்சியின் 1913க்குப் போன் செய்து, புகார் எண்ணைக் கேட்டு எழுதிவைக்கச் சொல்வதும் அப்படித்தான்.

ஆனால் கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வடசென்னை வியாசர்பாடியில் ஒரு வீட்டில் உட்கார்ந்து, "உங்க ஏரியால தண்ணிப் பிரச்சன இருக்காக்கா?" என்றால், "ஆமா, இருக்கு" என்பதோடு பேச்சு முடியும். இல்லாவிட்டால் ஏதாவது ஒரு கட்சியைத் திட்டுவதில் போய் நிற்கும். "நேத்து லாரி எத்தன மணிக்கு வந்துச்சுக்கா? எத்தன குடம் புடிச்சீங்க? எது எதுக்குப் போச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். குடிக்க இரண்டு, சோறு வடிக்க ஒன்று, மாமியார் குளிக்க ஒன்று என்று கணக்கு வரும். அடுத்த தெருவில் கேட்கிறவர் தன் வீட்டுக் குடங்களை எண்ணிப் பார்ப்பார். நடுவே கட்சிப் பெயர் வந்துவிட்டால் பேச்சை அறுக்காதீர்கள். முடித்ததும், "பேரு வேணாங்க்கா, நடந்தத மட்டும் திரும்பச் சொல்லுங்க" என்று கேட்டு அதையும் பதியுங்கள். அப்படிக் கேட்காமல், பிறகு பெயரை மட்டும் கத்தரித்து ஒட்டினால் அவர் சொல்லாத பொருள் வந்துவிடும். அது அவருக்குச் செய்யும் துரோகம்.

அவர் பேசும் மெட்ராஸ் பாஷையைத் திருத்தவும் வேண்டாம். "இன்னாத்துக்கு" என்றால் அப்படியே போகட்டும். அந்தச் சொல்லைக் காதில் கேட்டால்தான் இது நம்ம ரேடியோ என்று ஊர் நம்பும்.

காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்தின்போது மைக்கை நீட்டாதீர்கள், யாருக்கும் நேரம் இருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், வலை பின்னிக்கொண்டே நிதானமாகப் பேசுவார்கள். கடல்காற்று மைக்கில் "புர்ர்" என்று அடிக்கும், பஞ்சு உறை கட்டாயம். கைமைக் வாயிலிருந்து நாலு விரல் தள்ளி, கொஞ்சம் சாய்வாக இருக்கட்டும். நேராகப் பிடித்தால் 'ப' வரும்போதெல்லாம் வெடிக்கும். ரெக்கார்டரின் ஒலி அளவுகாட்டியில் குரலின் உச்சம் -12 முதல் -6 டெசிபலுக்குள் நிற்கட்டும். சத்தம் குறைந்தால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். 0 டெசிபலைத் தாண்டிக் கரகரத்த குரலை எந்த மென்பொருளும் முழுதாக மீட்காது. கானா பதிவில் இதுதான் அடிக்கடி நடக்கிறது. பாடகரின் மைக்கிலேயே டோலக்கும் விழுந்து ஊசி சிவப்பைத் தொடும். டோலக்கை ஆறடி தள்ளி உட்கார வையுங்கள், பாடியவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

வீட்டுக்குள் பதிகிறபோது ஃபேனை நிறுத்துங்கள், போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் கன்டெய்னர் லாரி போனால், அது கடக்கும்வரை காத்திருந்து கேள்வியை மறுபடி கேட்கலாம். பேச்சு முடிந்ததும் யாரும் பேசாமல் முப்பது விநாடி அந்த இடத்தின் ஓசையை மட்டும் பதியுங்கள். வெட்டிய இடங்களை மூட அதுதான் உதவும்.

சம்மதத்தைப் பேசுவதற்கு முன் ஒருமுறை, பேசிய பிறகு ஒருமுறை கேளுங்கள். கணவர் அடித்ததையோ வேலை செய்யும் இடத்துக் குறையையோ சொன்னவருக்கு, முடித்த பிறகுதான் பயம் வரும். "அத எடுத்துடும்மா" என்றால் உடனே எடுத்துவிடுங்கள். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. சந்துப் பெயரும் பிள்ளை படிக்கும் பள்ளியும் சேர்ந்தாலே ஆள் தெரிந்துவிடும். ஒலிபரப்பானதை மூன்று மாதம் பாதுகாத்து வைத்திருப்பது விதி. நாளும் நேரமும் கோப்பின் பெயரிலேயே இருந்தால் தேட வேண்டியிருக்காது.

எப்போது ஒலிபரப்பாகும் என்பதைப் பேசியவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். அவர் போனில் எஃப்எம் வசதி இருந்தால், ஹெட்போன் ஒயரைச் செருகச் சொல்லுங்கள். பெரும்பாலான போன்களில் அந்த ஒயர்தான் ஆன்டெனா, அது இல்லாமல் நிலையம் எடுக்காது.