கத்தரிக்காய் ஏன் குவிகிறது, வெங்காயம் ஏன் தீர்கிறது

யாழ்ப்பாண நகரில் ஒரு பெரிய பல்பொருள் அங்காடிக்கு மாலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். ஒரு பெட்டியில் காம்பு கறுத்த கத்தரிக்காய் குவிந்து கிடக்கும். பக்கத்துப் பெட்டியில் சின்ன வெங்காயத்தின் சருகு மட்டும் மிஞ்சியிருக்கும். முகாமையாளர் கணக்கைப் பிழைவிட்டார் என்று நினைப்போம். பல நேரம் பிழை கடைக்குள் இல்லை; கடைக்கும் அதற்குச் சரக்குக் கொடுப்பவருக்கும் இடையில் இருக்கிறது.

கடையில் நாளுக்கு 100 கிலோ கத்தரிக்காய் போகிறது என்று வைப்போம். நல்லூர்க் கந்தன் திருவிழாவுக்குக் கொடியேறியதும் பல வீடுகளில் மீன், இறைச்சி இல்லை. 110 கிலோ போகிறது. தட்டுப்பாடு வரக் கூடாதென்று கடை 120 கேட்கிறது. வியாபாரிக்குத் தெரிவது அந்த 120 மட்டுந்தான், அது ஏன் கூடியது என்பது தெரியாது. அவர் சுன்னாகம் சந்தையில் 140 எடுக்கிறார். தோட்டக்காரரின் காதுக்குப் போகும்போது அது 'கத்தரிக்கு நல்ல கிராக்கி' ஆகிவிடும். இன்னும் ஒரு பரப்புக் காணியில் நடுவார். அது காய்க்கும்போது திருவிழா முடிந்திருக்கும். சமைத்தவர்கள் கூட வாங்கியது வெறும் 10 கிலோ.

ஓடர் இப்படிக் கைமாறக் கைமாறப் பெருப்பதை அமெரிக்கரான ஜே ஃபொரெஸ்டர் 1961இல் விளக்கினார். இன்று இதைச் சாட்டை விளைவு என்கிறார்கள்: கைப்பிடியில் சின்ன அசைவு, நுனியில் பெரிய வீச்சு. பாம்பர்ஸ் செய்யும் புரொக்டர் அண்ட் கேம்பிளும் இதைக் கண்டது. குழந்தைகளின் தேவை கிட்டத்தட்ட ஒரே அளவுதான், ஓடர்களோ ஏறி இறங்கின. 1980களின் இறுதியில் அமெரிக்க அங்காடி நிறுவனமான வோல்மார்ட் தன் விற்பனைக் கணக்கை அந்த நிறுவனத்துக்கே காட்டத் தொடங்கியது. தேவையைப் பார்த்து அவர்களே சரக்கை நிரப்பினார்கள்.

ஆனால் கணக்கைக் காட்டினால் மட்டும் போதாது. காசு எப்போது கைக்கு வருகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். விடியற்காலையில் வியாபாரி இரண்டு பெட்டிகளுக்கு முன்னால் குந்தியிருக்கிறார். திருநெல்வேலிச் சந்தையில் கைக்காசு. அங்காடியில் 45 நாள் கடன் என்று வைப்போம். அவருடைய விரல்கள் தாமாகவே பிரிக்கும்: மினுங்கும் காய் சந்தைக்கு, சற்று வாடியது அங்காடிக்கு. அங்காடி அதில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும். அந்த நட்டத்தை அவர் அடுத்த விலையில் ஏற்றுவார். கடைசியில் விலையும் கூட, காயும் வாடல். பத்து நாளுக்குள் காசு கொடுக்கும் கடைக்கு நல்ல பெட்டி போகும் என்பதே என் கணிப்பு.

மாரியில் இது இன்னும் வெளிக்கும். கார்த்திகை மழையில் தோட்டத்தில் தண்ணி நின்றால் வரத்துக் குறையும். பாதிதான் கிடைக்கும் என்று பயந்து ஒவ்வொரு கடையும் இரட்டிப்பாகக் கேட்கும். எது மெய்யான தேவை என்று வியாபாரிக்குப் பிடிபடாது; முன்பு உண்மை சொன்ன கடைக்கே முதலில் கொடுப்பார்.

அதற்காக ஒருவரையே நம்பியிருக்கச் சொல்லவில்லை. 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி மூடப்பட்டபோது ஒரே வழியை நம்பியிருப்பது என்னவென்று இங்கே எல்லாரும் பட்டோம். இரண்டு மூன்று பேர் வேண்டும், ஒவ்வொருவருடனும் ஒளிவுமறைவு இருக்கக் கூடாது.

பெரிய மென்பொருள்கூட வேண்டாம். இரவு கடை பூட்டும்போது கைபேசியில் ஒரு செய்தி: விற்றது 104, மிச்சம் 9, எறிந்தது 3. அதைப் பார்த்த வியாபாரி விடியற்காலையில் 140 எடுக்க மாட்டார், 95 கிலோவை ஏற்றிக்கொண்டு வருவார்.